முதல் மருந்து எல்லையைக் கடக்கும் முன்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி ஓசூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் குறித்துப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். ஔடத தானம் என்றவுடன் கண் சிகிச்சை முகாமும், மூக்குக் கண்ணாடியும், நீரிழிவு மாத்திரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை நற்பணிகளே, தொடர்ந்து நடைபெற வேண்டும். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், முகாம் அமைத்துக் கண்டறிய இயலாத ஒரு நோய். இன்று காலை வெறும் குளிர்காய்ச்சலாகத் தோன்றி, நாளைக் காலைக்குள் உயிரைக் கொண்டுபோகவல்லது. மருத்துவர்கள் அதனைச் செப்சிஸ் என்பர். வீடுகளில் 'இன்ஃபெக்ஷன் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது' என்றும், 'இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது' என்றும் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே.

சிறுநீர்த் தொற்று, நிமோனியா, காலில் ஆறாத புண், வயிற்றினுள் சீழ், மகப்பேற்றுக்குப் பின் கருப்பையில் உண்டாகும் தொற்று என எதிலிருந்தும் இது தொடங்கலாம். உள்ளே புகுந்த கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பு நெறிதவறித் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது, சிறுநீர் குறைகிறது, மூச்சு விரைகிறது, அறிவு மயங்குகிறது. 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் நேர்ந்தது எனவும், 1.1 கோடிப் பேர் அதனால் இறந்தனர் எனவும் 2020இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது. அவ்வாண்டின் மொத்த இறப்பில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதே 2017இல்தான் உலக சுகாதாரப் பேரவையும் இந்நோயைத் தனிக் கவனத்துக்கு உரியதாகத் தீர்மானம் இயற்றிற்று. இவ்வளவு உயிர்களைக் கொள்ளும் நோயின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதேயில்லை. இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்றோ 'பல உறுப்புச் செயலிழப்பு' என்றோ எழுதப்படுவதும் அதற்கு ஒரு காரணம்.

நம் ஊரின் நிலைக்கு வருகிறேன். ஒரு குடும்பத்தைக் கற்பனையாகக் கொள்வோம். மகன் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தந்தையாரை அழைத்து வந்து பாகலூர் சாலை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார். பெரியவருக்கு வயது எழுபது, நீரிழிவு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நடுக்கத்தோடு காய்ச்சல். ஒரு மாத்திரை போட்டுப் படுக்கிறார். சனிக்கிழமை காலை பேச்சில் சிறு தடுமாற்றம். மருமகளை மகளின் பெயரால் அழைக்கிறார். 'வயதானவர், தூக்கக் கலக்கம்' என்று வீட்டார் எண்ணுகின்றனர். நண்பகல் 12 மணிக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது மேல் இரத்த அழுத்தம் 80. 'இங்கே ஐ.சி.யு. படுக்கை காலியில்லை, பெங்களூருக்குக் கொண்டுபோங்கள்' என்கின்றனர். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம். ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி, சந்தாபுரம், எலக்ட்ரானிக் சிட்டி என வண்டி ஊர்ந்து செல்கிறது. அங்கே போனால் முன்பணம், புதிய கோப்பு, மீண்டும் அதே இரத்தப் பரிசோதனை. கிருமியைக் கொல்லும் முதல் ஊசி நரம்பில் ஏறும்போது மணி ஐந்தரை.

இதில் யாரும் சோம்பியிருக்கவில்லை என்பதைக் கருதுங்கள். மகன் ஓடினார், ஓட்டுநர் விரைந்தார், இரு மருத்துவமனைகளிலும் ஊழியர்கள் பணியாற்றினர். இருந்தும் மருத்துவமனை வாசலை மிதித்த பின்னர் ஐந்தரை மணி நேரம் மருந்தின்றிக் கழிந்தது. இத்தனைக்கும் முதல் ஊசிக்குரிய மருந்துகளுள் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பவை. ஓசூரில் எந்தச் சிறு மருத்துவமனையின் அலமாரியிலும் உள்ளவை. பெரிய மருத்துவமனை என்ற சொல் நம் சிந்தையை முழுதும் கவர்ந்துவிடுவதால், சிறிய மருத்துவமனையிலேயே செய்யத்தக்கது செய்யப்படாமல் போகிறது. நான் இவ்வுரையில் வலியுறுத்த வந்தது இதுவொன்றே: பெங்களூருக்கு அனுப்புவது தவறன்று, வெறுங்கையோடு அனுப்புவதே தவறு.

அனுப்புமுன் செய்யத்தக்கவை யாவை? செப்சிஸ் சிகிச்சைக்கென உலக அளவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல் 2021இல் திருத்தி வெளியிடப்பட்டது. செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளர்க்கு, அறிந்துகொண்ட ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து தரவேண்டும் என்கிறது அது. அதற்குமுன் இரத்தக் கல்ச்சருக்கு மாதிரி எடுக்க வேண்டும். ஏனெனில் மருந்து ஏறியபின் எடுத்தால் எந்தக் கிருமி என்பது பல வேளைகளில் தெரியாமலே போகும். ஆனால் மாதிரி எடுப்பதற்காக மருந்தை நெடுநேரம் தள்ளிவைக்கவும் கூடாது. இரத்தத்தில் லாக்டேட் அளவு பார்த்தல், நரம்பு வழி நீர் ஏற்றுதல், நீருக்கும் அழுத்தம் ஏறாவிடில் நார் அட்ரினலின் தொடங்குதல் ஆகியன அடுத்தவை. நார் அட்ரினலின் என்றாலே கழுத்து நரம்பில் குழாய் இட வேண்டும், ஆகவே ஐ.சி.யு. வேண்டும் என்றொரு தயக்கம் உண்டு. கழுத்துக் குழாய்க்காகக் காத்திராமல், கை நரம்பின் வழியாகவே சிறிது காலத்துக்குத் தொடங்கலாம் என்பதை அவ்வழிகாட்டுதல் தெளிவுபடுத்தியுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். காய்ச்சல் என்று வந்தவர்க்கெல்லாம் வலிய மருந்தைச் செலுத்திவிடுக என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. அழுத்தம் வீழாத, செப்சிஸ்தானா என்ற ஐயம் உள்ள நோயாளரிடம் விரைந்து ஆராய்வதற்கு மூன்று மணி நேரம் வரை அதே வழிகாட்டுதல் இடந்தருகிறது. நீர் ஏற்றுவதிலும் கண்மூடித்தனம் ஆகாது. சாம்பியா நாட்டின் லுசாகா நகரில் செப்சிஸ் நோயாளர் 209 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. விதிமுறைப்படி முதல் ஆறு மணி நேரத்தில் மிகுதியாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 விழுக்காட்டினரும் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுடையோர், மூச்சுத் திணறினால் தாங்குதற்கு அங்கே போதிய கருவிகளும் இல்லை. செல்வ நாட்டு விதியை அப்படியே பெயர்த்து நட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் நான் அறிந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின் நோயாளரின் மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டே அடுத்த பாட்டிலைத் தொங்கவிட வேண்டும்.

அவ்வாறு பார்ப்பவர் யார்? செவிலியர். ஒரு மருத்துவமனையில் செப்சிஸ் சிகிச்சை நன்றாக உள்ளதா என அறிய விரும்பினால் நான் வென்டிலேட்டர்களை எண்ணமாட்டேன்; படுக்கையடியில் தொங்கும் அட்டையில் மூச்சின் எண்ணிக்கை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது எனப் பார்ப்பேன். எல்லா நோயாளர்க்கும், எல்லா வேளைக்கும் '20' என்றே எழுதியிருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை என்று பொருள். மூச்சை எண்ணக் கருவி வேண்டா. கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். நோய் முற்றுவதை முதலில் அறிவிக்கும் குறிகளுள் அது ஒன்று. ஆனால் இரவில் நாற்பது நோயாளர்க்கு இரு செவிலியர் என்றால் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும்? இக்கேள்வியைச் செவிலியரிடம் கேட்பது முறையன்று. நிருவாகத்திடம் கேட்க வேண்டும். மூச்சு 30ஐத் தாண்டினால் மருத்துவரை உறக்கத்திலிருந்து எழுப்பும் உரிமை செவிலியர்க்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும்; எழுப்பியதற்காகக் கடிந்துகொள்ளும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

இவையெல்லாம் நம் நாட்டில் நடவாது என்பாரும் உளர். அவர்களுக்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு விடை உண்டு. மாரடைப்பு நோயாளர்க்கு அடைப்பை நீக்கும் சிகிச்சை பெருநகரங்களில் மட்டுமே கிடைத்த நிலையில், சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய மருத்துவமனை ஒன்றோடு இணைத்து நான்கு தொகுதிகளாகத் தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தனர். சிறிய இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்து, அங்கேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, முன்னரே தொலைபேசியில் அறிவித்துவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்பினர். 2,420 நோயாளர்களைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருத்துவமனைகளுக்கு இடையே இருந்த பள்ளத்தைத் தூர்த்தனர், அவ்வளவே.

சாலை விபத்துக்கும் இவ்வாறே. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. கிருஷ்ணகிரி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் விபத்துகளை அறிந்தவர்க்கு அத்திட்டத்தின் அருமை தெரியும். செப்சிஸுக்கும் அத்தகைய ஒரு கடிகாரம் வேண்டும் என்பது என் கருத்து. 2022 சனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகள் முதல் ஊசியைப் போட்டுவிட்டு ஓர் எண்ணை அழைத்தால், மறுமுனையில் படுக்கையும் மருத்துவரும் ஆயத்தமாக இருக்கும்படி செய்ய இம்மாவட்டத்துக்கு இயலும். தனியார் மருத்துவமனைகளும் அதில் சேரலாம்.

மாற்றி அனுப்பும் சீட்டைப் பற்றி ஒரு சொல். 'மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது' என்ற ஒரு வரியோடு வரும் சீட்டு பயனற்றது. எத்தனை மணிக்கு வந்தார், அழுத்தம் எவ்வளவு, கல்ச்சர் எடுக்கப்பட்டதா, எந்த மருந்து எத்தனை மணிக்குத் தரப்பட்டது, எவ்வளவு நீர் ஏறியது, எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருப்பவர் கன்னடம் பேசுபவராகவும், இப்பால் இருப்பவர் தமிழோ தெலுங்கோ பேசுபவராகவும் இருக்கலாம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா.

மொழி என்றவுடன் தொழிலாளர் நினைவு வருகிறது. சிப்காட்டிலும் சூளகிரி, பர்கூர்ப் பகுதித் தொழிற்கூடங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்து இளைஞர் பலர் பணியாற்றுகின்றனர். ஓர் அறையில் பலர் தங்கி, சம்பளம் பிடிப்பார்கள் என்ற அச்சத்தில் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போவோர் அவர்களுள் உண்டு. மருத்துவமனையில் 'மூச்சு வாங்குகிறது' என்பதைச் சொல்லத் தெரியாமல் மார்பைத் தொட்டுக் காட்டி, வாயுத் தொல்லைக்கு மாத்திரை பெற்றுத் திரும்பினால் யாரை நோவது? இங்கு அமர்ந்திருப்போருள் தொழிற்சாலைகளில் பொறுப்பிலுள்ளோர் பலர். ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா என்பதோடு, இரவு ஷிப்டில் காய்ச்சல் கண்டவரை யார், எவ்வண்டியில், எங்கே அழைத்துச் செல்வது என்பதும் முன்னரே எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள்.

இப்பகுதி மருத்துவர்கள் மறக்கலாகாத காய்ச்சல் ஒன்று உண்டு. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல், புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் மிகச் சிறு பூச்சிகளின் கடியால் வருவது. தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் மிகுதி. தளி, அஞ்செட்டி போன்ற காட்டோரப் பகுதிகளிலிருந்து வரும் நோயாளரிடம் இதனை நினைக்காமல் இருப்பது பிழை. உடலில் எங்கேனும் சிகரெட்டால் சுட்டாற்போன்ற கருமையான சிறு வடு இருக்கலாம்; அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருப்பதால் ஆடை நீக்கித் தேடினால்தான் தெரியும். செப்சிஸுக்கென வழக்கமாகத் தரும் செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகள் இதற்குப் பயன்படா. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். கடுமையான உண்ணிக் காய்ச்சலில் அவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழி தருவது, ஒன்றை மட்டும் தருவதினும் மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு 2023இல் காட்டிற்று. இறப்பு, நீடித்த சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர், ஒரு மருந்து பெற்றவர்களில் 47, 48 விழுக்காடு. இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடு. வேலூரில் தோன்றிய இவ்வறிவு நெடுஞ்சாலை வழியே இங்கு வந்துசேர நெடுங்காலம் ஆகலாகாது.

தாய்மார்களுக்கென ஒன்று. மகப்பேற்றுக்குப் பிந்திய செப்சிஸைத் தடுக்கக் கை கழுவுதலே முதன்மை என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இலேயே காட்டினார். மலாவி, உகாண்டா நாடுகளில் 59 மருத்துவமனைகளில் கை கழுவுதலை முறைப்படுத்தி, தொற்றுக் கண்ட தாய்க்கு நீர், மருந்து, சீழ் அகற்றல், மாற்றி அனுப்பல், கண்காணிப்பு என ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியதில், தொற்றால் நேரும் தாய்மாரின் இறப்பும் கடும் நோயும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2025இல் செய்தி வந்தது. அந்நாடுகளை விட நம்மிடம் வசதி மிகுதி. குழந்தை பெற்று வீடு திரும்பிய பெண்ணுக்குக் காய்ச்சலோ, நாற்றமுள்ள போக்கோ, வழக்கத்துக்கு மாறான சோர்வோ காணின் 'பால் கட்டிய காய்ச்சல்' என்று முதியோர் தாமே முடிவுகட்டலாகாது.

வீட்டார் கேட்பதற்கு அஞ்சவும் கூடாது. இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி செப்சிஸால் இறந்தாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் மருத்துவமனையில் கூறியும் தக்க வேளையில் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்படவில்லை. முன்னரே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோரின் இடைவிடாத முயற்சியால் 2024 முதல் அந்நாட்டு மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்தது; நோயாளரோ குடும்பத்தாரோ கேட்டால் வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்க வேண்டும். நமக்கு அத்தகைய விதி இல்லை. ஆயினும், 'ஐயா, இது செப்சிஸாக இருக்கக் கூடுமா? கல்ச்சர் எடுத்தாயிற்றா? முதல் ஊசி போட்டுவிட்டு அனுப்ப இயலுமா?' என்று மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்பதை எந்த விதியும் தடுப்பதில்லை. நல்ல மருத்துவர் இதற்குச் சினவார்.

நோன்பிருக்கும் முதியோர் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று கூறுவேன். நீர் குறைத்து நோன்பு நோற்கும் நாள்களில் தளர்ச்சியும் சிறுநீர்க் குறைவும் நோன்பினால் வந்தவை என்றே தோன்றும். முதுமையில் செப்சிஸ் காய்ச்சலின்றியும் வரும். உடல் சில்லிட்டும் போகும். புதிதாகத் தோன்றிய மனக்குழப்பம், விரைந்த மூச்சு, அரை நாளாகச் சிறுநீரின்மை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் எனக் காத்திராதீர்கள். நரம்பு வழி ஏறும் மருந்து இரவு உணவாகுமோ என்னும் ஐயம் உடையோர், உடல்நலத்தோடு இருக்கும்போதே சான்றோரிடம் கேட்டுத் தெளிந்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். மயங்கிய நிலையில் அவர்களிடம் அதைக் கேட்க முடியாது.

அறக்கட்டளை என்ன செய்யலாம் எனத் தலைவர் என்னிடம் கேட்டார். வென்டிலேட்டர் வாங்கித் தருவதாகச் சிலர் கூறியதாகவும் அறிந்தேன். பெயர்ப் பலகையோடு நிற்கும் கருவியின் மீது நமக்கு ஓர் ஆசை உண்டு. ஆனால் அதை இயக்கும் ஆளும் பழுதுபார்க்கும் ஒப்பந்தமும் இல்லாவிடில் அது மூலையில் உறங்கும். அந்தப் பணத்தில் ஏழை நோயாளர்க்கான கல்ச்சர் பரிசோதனைக் கட்டணத்தை ஏற்கலாம். சிறு மருத்துவமனைச் செவிலியர்க்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்கலாம். நோயாளர் வந்த நேரத்துக்கும் முதல் ஊசிக்கும் இடையே கழிந்த நிமிடங்களை மாதந்தோறும் கணக்கெடுக்க முன்வரும் மருத்துவமனைக்கு, அக்கணக்கை எழுதும் ஊழியரின் ஊதியத்தைத் தரலாம். மூன்றாவதே முதலில் தொடங்கத்தக்கது என்பேன். அந்த நிமிடங்கள் எழுதப்படும்வரை தாமதம் எங்கே நேர்கிறது என்பது மருத்துவமனைக்கே தெரியாது.

மண்டப வாயிலில் ஒரு பக்கப் படிவம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. வீட்டிலுள்ள முதியோர் ஒவ்வொருவர்க்கும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், நீரிழிவு, சிறுநீரக நோய், வழக்கமான இரத்த அழுத்தம் ஆகியவற்றை நிரப்பிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். காப்பீட்டு அட்டை கர்நாடகத்து மருத்துவமனைகளில் செல்லுமா என்பதை நாளையே கேட்டறிந்து, அதற்கென விடப்பட்டுள்ள கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.